வீட்டு ஒலிப்பதிவுக்கூடமும் ஒரு விலைப்பட்டியலும்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். வலிகாமத்துப் பாடசாலையொன்றிற் சங்கீத ஆசிரியராகக் கடமையாற்றுபவர். நல்ல சாரீரம் உடையவர். மிருதங்கமும் ஓரளவு பழகியவர். வந்தவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து என் முன்னே விரித்தார்.

“சேர், இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. வீட்டிலை ஒரு ஸ்ரூடியோ போடப் போறன். பாங்கிலை கடனுக்கும் எழுதிக் குடுத்திட்டன்.”

தாளிலே பதினேழு பொருள்கள் இருந்தன. பெரிய கொண்டென்சர் மைக் ஒன்று, எட்டங்குல மொனிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி, எட்டு மைக் பூட்டக்கூடிய இன்டர்பேஸ், கணினிக்கான விசைப்பலகை, சுவரில் ஒட்டும் பஞ்சுத் துண்டுகள், வண்ணவிளக்கு என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, அடியிலே கூட்டுத்தொகை. எந்த அறையில் இவையெல்லாம் வைக்கப்படும் என்பது பற்றி ஒரு வரியேனும் இல்லை. அங்கே யார் பாடப் போகிறார், எதை வாசிக்கப் போகிறார் என்பதற்கும் அத்தாளில் இடம் இருக்கவில்லை.

இத்தகைய பட்டியல் எனக்குப் புதியதன்று. 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ இதே பட்டியலை நானே எழுதினேன். எழுதியது மட்டுமன்றி, சேமலாப நிதியில் ஒரு பகுதியைச் செலவிட்டு வாங்கியும் விட்டேன். அதனால் நேர்ந்த இழப்பு இன்றும் என் மனத்தை உறுத்துவது. ஆகவேதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இலக்கியப் பக்கத்தில் மைக்குக்கும் வயருக்கும் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடு தேடி அலைந்து 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். ஏட்டில் இருந்தவற்றை அச்சு காத்தது. ஆனால் ஏட்டிலேயே இல்லாமல் மிடற்றில் மட்டும் இருக்கும் செல்வத்தை அச்சியந்திரம் என்ன செய்ய முடியும்? கூத்துப் பனுவலைப் புத்தகமாகப் போடலாம். அதன் தருவை அண்ணாவியார் எந்த இடத்தில் இழுத்து எந்த இடத்தில் வெட்டினார் என்பதைப் புத்தகம் சொல்லாது. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் வாசிப்பை நேரிற் கேட்டவர்கள் அருகி வருகிறார்கள். ஏனையோருக்கு எஞ்சியிருப்பது ஒலிப்பதிவே. ஆகையால் ஒலிப்பதிவு நன்றாக அமைந்ததா இல்லையா என்பது கடைக்காரருடைய பிரச்சினை மட்டும் அன்று.

ஒரு காலத்தில் இந்த வேலை சாதாரண மக்களின் கைக்கு எட்டாததாக இருந்தது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பேர்க் 1902இற் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தபோது, கருவியும் அதை இயக்கும் கலையும் கம்பெனியோடு வந்து கம்பெனியோடு போயின. ஹங்கேரிய இசையறிஞர் பேலா பார்ட்டொக் 1906 முதலாக எடிசனின் மெழுகு உருளைக் கருவியைச் சுமந்து குடியானவர் வீடுகளுக்குப் போனார். இலங்கையில் 1925இல் ஒலிபரப்பு ஆரம்பமாகி, 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் வழங்கிய பின்னரும், ஒருவர் தமது குரலை ஒழுங்காகப் பதிவுசெய்து கேட்க வேண்டுமாயிற் கொழும்புக்குப் புகைவண்டி ஏற வேண்டியிருந்தது. தேர்விலே சித்தியடைந்தவருக்கே அந்தக் கதவு திறக்கும்.

அந்தக் கதவை உடைத்தது 1979இல் டஸ்காம் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்ரூடியோ 144 என்னும் சிறிய பெட்டி. சாதாரண கசெற்றில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியலாம். 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் நியூ ஜேர்சியில் தாம் இருந்த வாடகை வீட்டின் அறையில் அந்தப் பெட்டியையும் ஷூர் எஸ்எம்57 என்னும் மைக் இரண்டையும் வைத்துக்கொண்டு மாதிரிக்காகச் சில பாட்டுகளைப் பதிந்தார். பின்னர் வாத்தியக் குழுவோடு பெரிய கூடத்திலே பாடிப் பார்த்தபோது அவற்றின் உயிர் வரவில்லை. ஆதலால் அந்தக் கசெற்றிலிருந்தே ‘நெப்ராஸ்கா’ என்னும் இசைத்தட்டு அவ்வாண்டு வெளிவந்தது. நம் காலத்தில் பில்லி ஐலிஷ் என்னும் இளம் பாடகியும் அவருடைய தமையனாரும் லொஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டின் படுக்கையறையில் உருவாக்கிய இசைத்தொகுப்பு 2019இல் வெளியாகி, 2020இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்குரிய கிரமி விருதைப் பெற்றது.

இந்த இரு கதைகளையும் அறியாத இளைஞர் இல்லை. ஆனால் இவற்றிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் எனக்கு உடன்பாடானதன்று. ஒரு சாரார், “மலிவான பெட்டியே போதும்” என்கின்றனர். இன்னொரு சாரார் அந்தப் பாடகியின் அறையில் என்னென்ன கருவிகள் இருந்தன என்று தேடி அவற்றின் பெயர்களைப் பட்டியலாக்குகின்றனர். ஒரு குரலும் ஒரு கிற்றாரும் ஆகியவற்றைப் பதிய அந்த நான்கு தடப் பெட்டி போதுமானதாக இருந்தது. அப்படியிருந்தும் அந்தக் கசெற்றிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்றுவதில் வல்லுநர்கள் பெரும்பாடு பட்டனர் என்பதை முதலாமவர் மறந்துவிடுகின்றனர். இரண்டாமவர்க்கோ, அங்கே பாடப்பட்டது காதோடு பேசுவது போன்ற மெல்லிய குரல் என்பது நினைவில்லை. நம்முடைய கூத்துக்காரரின் குரல் அப்படிப்பட்டதா?

என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அயற்கிராமத்தில் ஓர் அண்ணாவியார் இருந்தார். எழுபத்தெட்டு வயது. மூன்று நாட்டுக்கூத்துகளை ஏடு பாராமல் விடியவிடியப் பாடுவார்; மத்தளமும் அவரே வாசிப்பார். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்தைப் புதுமேடைக்குக் கொணர்ந்த செய்தி இவர் காதுக்கு எட்டியிருந்தது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் இவரிடம் வந்ததில்லை. அவரை முழுமையாகப் பதிந்துவிட வேண்டும் என்பதே எனது எண்ணம். கொழும்பிற் கடையொன்றில் விற்பனையாளர் ஒருவரிடம், “ஒரு பெரியவரின் பாட்டைப் பதிய வேண்டும்” என்றேன். அவர் அறை எப்படி என்று கேட்கவில்லை; பாட்டு எப்படி என்றும் கேட்கவில்லை. பெரிய தகடு கொண்ட கொண்டென்சர் மைக்கையும் எட்டங்குல ஸ்பீக்கரையும் எடுத்து வைத்தார். கேளாதது அவர் தவறு; சொல்லாதது என்னுடையது.

வீட்டின் ஓர் அறையை ஒழித்தேன். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் கிட்டத்தட்டப் பத்தடி. சீமெந்துத் தரை, சுண்ணாம்பு பூசிய வெறுஞ்சுவர். அதிலே கதிரை போட்டு அண்ணாவியாரை இருத்தி, மைக்கை முன்னால் நிறுத்தி, “சும்மா பாடுங்கோ, ஒருக்காச் சரிபார்ப்பம்” என்றேன். அவரும் விருத்தமொன்றை மெல்ல முணுமுணுத்தார். அந்த அளவுக்குக் கெயின் திருகியைக் கூட்டி வைத்தேன். பதிவு தொடங்கியது. வரவுப் பாட்டு வந்ததும் அவர் என்னையும் மறந்தார், மைக்கையும் மறந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்திற் களரியின் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கேட்கும்படி பழக்கிய குரல் அது. இரண்டு மணித்தியாலம் பாடினார். நான் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தேனேயன்றித் திரையிற் சிவப்பு விளக்கு எரிவதைக் கவனிக்கவில்லை.

பின்னர் போட்டுக் கேட்டபோது உச்சம் வரும் இடமெல்லாம் கிழிந்த கடதாசிபோல் இரைந்தது. எஞ்சிய இடங்கள் கிணற்றுக்குள் இருந்து வருவன போல் ஒலித்தன. அண்ணாவியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். கோபிக்கவில்லை.

“தம்பி, இது என்ர குரல் இல்லை. ஆரோ தாங்கிக்குள்ளை நிண்டு கத்துறான்” என்றார்.

கோயில் திருவிழா முடியட்டும், மீண்டும் பதிவோம் என்று முடிவாயிற்று. திருவிழா முடிந்த வாரம் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. அதன்பின் மூன்றாண்டுகள் உயிரோடிருந்தார். கண் பேசியது; கை தாளம் போட்டது; வாய் மட்டும் பாடவில்லை.

அவருடைய குரலுக்கு இன்று நல்ல சாட்சியாக இருப்பது எதுவென்று நினைக்கிறீர்கள்? அவருடைய பேத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, முற்றத்து மாமரத்தின் கீழ் அவர் பாடிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியிற் பிடித்துவைத்த பதினொரு நிமிடம். காகம் கரைகிறது, யாரோ வாளியைக் கிணற்றுக்கட்டில் வைக்கிறார்கள். ஆயினும் குரல் அவருடையது. நான் சேமலாப நிதியைச் செலவிட்டுப் பெறாததை அந்தப் பிள்ளை செலவின்றிப் பெற்றாள்.

இது எப்படி நேர்ந்தது என்று பல நாள் யோசித்தேன், படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். விடை எளியது. முற்றத்துக்குச் சுவர் இல்லை. வாயிலிருந்து புறப்பட்ட ஒலி தொலைபேசியைத் தாண்டிப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. என் அறையிலோ போன ஒலி நான்கு சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பித் திரும்பி வந்து மைக்குள் விழுந்தது. நம் வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். பத்தடி, அதாவது மூன்று மீற்றர் சொச்சம், இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே அது முன்னும் பின்னும் ஓடும்போது 57 ஹேர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் அறையே முழங்கும். நீள அகல உயரங்கள் மூன்றும் ஒன்றாயின் மூன்று முழக்கமும் ஒரே சுரத்தில் வந்து சேரும். வீட்டிற் பல அறைகள் இருக்கக் கனச்சதுரமான ஓர் அறையைத் தேர்ந்தெடுத்த என் சாமர்த்தியத்தை என்னென்பது!

ஆகவே முதலில் வாங்கவேண்டியது மைக் அன்று. பொருத்தமான அறையைத் தெரிவுசெய்வதே முதல் வேலை. அதற்குக் காசு வேண்டாம். மூன்று பக்கமும் மூன்று அளவாக உள்ள அறை, இயன்றவரை பெரிய அறை, தெருவுக்குப் புறமாக உள்ள அறை. வீட்டு மண்டபத்தில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ‘சிர்’ என்று வாலொன்று தொடர்ந்தால் அங்கே சுவர் பேசுகிறது என்று பொருள். புத்தக அலுமாரியும் துணிமணியும் மெத்தையும் நிறைந்த படுக்கையறையில் அந்த வால் இராது. ஆசிரியர் வீடுகளிற் பழம் புத்தகங்கள் அடுக்கின்றிக் கிடப்பதை மனைவிமார் குறைகூறுவதுண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெகு உபகாரம்.

முட்டை அடுக்கும் மட்டைகளைச் சுவர் முழுவதும் ஒட்டும் வழக்கம் நம் ஊர்களிற் பரவியுள்ளது. அது வீண். 1000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்ரிமீற்றர். அதனை நன்றாக உறிஞ்சுவதற்கு அதன் காற்பங்கு, ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர், தடிப்பான பஞ்சு வேண்டும். 100 ஹேர்ட்சுக்கோ 85 சென்ரிமீற்றருக்கு மேல். மெல்லிய மட்டை மிக உயர்ந்த ஒலிகளிற் சிறிது குறைக்குமேயன்றி மத்தளத்தின் இடந்தலை முழக்கத்தை ஒன்றுஞ் செய்யாது. பட்டியலில் உள்ள ஓரங்குலப் பஞ்சுத் துண்டுகளின் கதியும் ஏறக்குறைய அதுவே. அன்றியும், பஞ்சு அறையின் எதிரொலியைக் குறைக்குமேயன்றி அயல்வீட்டு ஒலிபெருக்கியைத் தடுக்காது. அதைத் தடுக்கப் பாரமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். அல்லது அயலவரோடு நல்லுறவு வேண்டும். இரண்டாவது மலிவு.

இலவம்பஞ்சு மெத்தை இரண்டைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிடுவதே நான் இப்போது செய்வது. எங்கே தொங்கவிடுவது என்பதிலும் பலர் ஏமாறுகின்றனர். மைக்குக்குப் பின்னால் மெத்தையை வைக்கிறார்கள். பெரும்பாலான மைக்குகள் முன்புறம் நோக்கிக் கேட்பவை; அவை பார்ப்பது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரையுமே. முதல் மெத்தை அங்கேதான் தொங்கவேண்டும்.

இனி மைக். அறை எத்தகையது என்பதை அறிந்த பின்னரே இந்தக் கேள்விக்கு விடை கூறமுடியும். பாடுபவரிலிருந்து மைக்கை இருமடங்கு தூரம் தள்ளினால் நேரே வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியோ பெரும்பாலும் குறையாமல் நிற்கும். ஆகவே அறை கெட்டதாயின் மைக்கை நெருக்கமாக வைப்பதன்றி வழியில்லை. நெருக்கமாக வைத்து உரத்துப் பாடுவோர்க்கு டைனமிக் வகை மைக் போதும். பல வேளைகளில் அதுவே சிறந்தது. 1965இல் வந்த எஸ்எம்57, 1966இல் வந்த எஸ்எம்58 இரண்டும் இன்றும் மேடைகளில் உழைக்கின்றன. விழுந்தாலும் பிழைக்கும், நம் கரையோரத்து ஈரக்காற்றுக்கும் அதிகம் அஞ்சாது. போலிகள் மலிந்திருப்பதால் நம்பிக்கையான இடத்திலே வாங்குக என்பது மட்டும் எச்சரிக்கை. கொண்டென்சர் வகை நுண்ணொலிகளையெல்லாம் தெளிவாகத் தரும். கெட்ட அறையையும் அதே தெளிவோடு தரும். அதற்கு 48 வோல்ற் மின்சாரத்தை வயர் வழியாக ஊட்டவேண்டும். உபயோகியாத வேளையிற் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடிவைக்க வேண்டும். வீணை, வயலின், தம்புரா போன்ற மென்குரல் வாத்தியங்களுக்கு அதுவே தக்கது. நாதசுரமும் தவிலும் வீதிக்குரியவை. அவற்றை அறைக்குள் அடைக்காமல் வெளிமண்டபத்துக்குக் கொண்டுபோய் ஆறேழடி தள்ளி மைக்கை நிறுத்துவதே உசிதம் என்பது என் துணிபு.

அண்ணாவியார் போலப் பாடிக்கொண்டே மத்தளம் வாசிப்பவர்க்கு இரண்டு மைக் வேண்டும்: ஒன்று வாய்க்கு, ஒன்று மத்தளத்துக்கு. வாய்க்குரியதைச் சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி வைக்காமல் மேலிருந்து வாயை நோக்கி வைத்தால் மத்தளம் அதற்குள் அளவுக்கு மீறி இறங்கும். கீழிருந்து வைத்து அதன் பின்புறத்தை மத்தளத்துக்குக் காட்டினால், பின்னால் வரும் ஒலியை அது பெருமளவு புறக்கணிக்கும். இந்த ஒரு சிறு விடயத்தை அறிய எனக்கு ஈராண்டு சென்றது.

இரண்டு மைக்குக்கு இரண்டு வழியுள்ள இன்டர்பேஸ் போதும். என் மாணவரின் பட்டியலில் எட்டு வழி. வீட்டில் எட்டுப் பேர் ஒருங்கே இருந்து பாட இடமுண்டா என்று கேட்டேன், சிரித்தார். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்ற அளவிற் பதிந்தாற் போதுமானது. மனிதக் காது 20 கிலோஹேர்ட்சுக்கு மேற் கேளாது. அதற்கு இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட வேகம் இருந்தால் முழுவதையும் பிடித்துவிடலாம். 192 என்று பெட்டியிற் பொறித்திருப்பது விலையைக் கூட்டுவதற்கே பெரிதும் உதவும். 24 பிட்டின் உண்மையான பயன் வேறு: கெயினைத் தாழ்த்தி வைக்கலாம். உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்தாலும் இரைச்சல் மேலிடாது. இதை நான் 2014இல் அறிந்திருந்தால்! சோதனைக்குப் பாடும்போது எவரும் அரைக்குரலிலேயே பாடுவர். மெய்யாகப் பாடும்போது குரல் தானே எழும். எழுதி ஒட்டிவைக்க வேண்டிய உண்மை இது. நான் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்பீக்கரைப் பற்றி அதிகஞ் சொல்ல வேண்டியதில்லை. பத்தடி அறையில் எட்டங்குல ஸ்பீக்கர் வைத்துக் கேட்டபோது மத்தளம் அளவுமீறி முழங்குவதாக எனக்குத் தோன்றியது. கணினியில் அதன் அடியொலியைக் குறைத்தேன். அதே பதிவை வேறு வீட்டிற் கேட்டபோது மத்தளம் தகரப்பேணி போல் ஒலித்தது. முழங்கியது மத்தளம் அன்று, என் அறை. காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று முதலில் வாங்குக; ஸ்பீக்கர் பின்னர் வரலாம், வராமலும் இருக்கலாம்.

கருவிகளைவிட எனக்கு அதிக அச்சம் தருபவை கருவிகளுக்குள் மறைந்திருக்கும் கட்டளைகள். குரலின் சுருதியைத் திருத்தும் ஒட்டோ-டியூன் என்னும் மென்பொருள் 1997இல் வந்தது. மறுவருடம் ஷேர் என்னும் பாடகியின் பாட்டொன்றால் உலகெங்கும் பேர்பெற்றது. இன்று விலையில்லாத மென்பொருள்களிலும் அதன் பிள்ளைகள் உண்டு. அவை பாடுபவரின் குரலைப் பன்னிரண்டு சுரத்தானங்களுள் அண்மையிலுள்ள ஒன்றுக்கு இழுத்து நிறுத்துகின்றன. பியானோவுக்கு இயைந்த பாட்டுக்கு அது பொருந்தலாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதா? அசைவே அதன் உயிர். அசைவைப் பிழையென்று கருதும் பெட்டியிடம் தோடியைக் கொடுத்தால் அது தோடியைத் திருத்தித் தரும். நமக்குக் கிடைப்பது தோடியாக இராது. கூத்துப் பாட்டின் சுருதியோ எந்தப் பெட்டியின் படியிலும் அடங்காதது. அவ்வாறே இரைச்சலை நீக்கும் கட்டளையும். மாறாமல் ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சல். கொரோனாக் காலத்தில் இணையவழி சங்கீதம் படிப்பித்த ஆசிரியர்கள் அறிவார்கள்: மாணவிக்கு ஆசிரியரின் குரல் கேட்கும், சுருதிப் பெட்டி கேளாது. மின்விசிறியென்று எண்ணிக் கணினி அதனை விழுங்கிவிடும். பேத்தியின் தொலைபேசிப் பதிவையும் நான் குற்றமற்றதென்று கொள்ளவில்லை. அண்ணாவியாரின் குரல் தாழ்ந்து எழும் இடத்தையெல்லாம் அது தானாகவே சமப்படுத்தி வைத்திருக்கிறது. இடந்தலையின் ஆழம் அதிலே பாதிகூட இல்லை. தொலைபேசி போதும் என்போருடன் நான் சேராதது இதனாலேயே.

ஆகையால் பதிவுக்கு எளிய மென்பொருளே நல்லது. ஓடாசிற்றி விலையின்றிக் கிடைக்கிறது. ரீப்பர் என்பது சிறு விலைக்குக் கிடைக்கிறது. களவாக எடுத்த பெரிய மென்பொருளைக் கணினியில் ஏற்றிக்கொண்டு மாணவர்க்கு ஒழுக்கம் போதிப்பது ஆசிரியருக்கு அழகன்று.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்தடை இருந்ததை எவர் மறப்பார்? நாடே இருளிற் கிடந்த அந்நாட்களில் என் ஒலிப்பதிவு சிறந்தது. இன்டர்பேஸ் மடிக்கணினியின் மின்கலத்திலேயே இயங்கும். குளிர்சாதனப்பெட்டியின் முனகல் இல்லை, தண்ணீர்ப் பம்பு இல்லை, கோயில் ஒலிபெருக்கி இல்லை, வயர்களில் ஏறும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் இல்லை. அயலூர்ப் பெரியவர் ஒருவரின் ஒப்பாரிப் பாடல்களை அந்த அமைதியிற் பதிந்தேன். இன்றும் மின்சாரம் இருக்கும்போதே பிரதான ஆளியை அணைத்துவிட்டுத்தான் பதிகிறேன், வீட்டார் முணுமுணுக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத இரண்டை என் மாணவரின் தாளில் நானே எழுதிக் கொடுத்தேன். ஒன்று, வன்தட்டு இரண்டு. இரு தடமாகப் பதிந்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட். விடியும்வரை நடக்கும் கூத்துக்கு எட்டு ஒன்பது போதும். ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி வன்தட்டில், மூன்றாவது பிரதி கட்டாயம் வேறொருவர் வீட்டில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஊரில், ஒரே கூரையின் கீழ் ஒரே பிரதியை வைத்திருப்பவரை என்ன சொல்வது? 2005 முதலாக நூலகம் நிறுவனத்தார் நம் நூல்களை மின்வடிவிற் சேர்த்து வருகிறார்கள். ஒலிப்பதிவுகளையும் அத்தகையோரிடம் ஒப்படைக்கலாம். கோப்புக்குப் பாடியவர் பெயர், ஊர், திகதி இவற்றை எழுதுவதற்குச் செலவு ஏதுமில்லை. என்னிடமே ‘புதியது 3’ என்று பெயரிட்ட கோப்பொன்று இருக்கிறது. பாடியவர் யாரென்று இன்று எனக்குத் தெரியவில்லை.

மற்றையது, பாடுபவருக்குரிய சன்மானம். மைக்குக்கு இலட்சம் கொடுக்கிறோம். அதன்முன் இருந்து அரைநாள் தொண்டைநோகப் பாடும் முதியவருக்குத் தேநீரும் வடையும் போதுமென்று நினைக்கிறோம். அவர் சம்மதமின்றி அவர் குரலை இணையத்தில் ஏற்றிவிடவும் செய்கிறோம். சன்மானத்தையும் சம்மதத்தையும் கருவிகளோடு சேர்த்துக் கணக்கிலே எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இது தருமம் பற்றிய பேச்சு மட்டுமன்று; மனநிறைவோடு பாடுபவரின் குரல் வேறு, கடனுக்குப் பாடுபவரின் குரல் வேறு. எந்த மைக்கும் அதைப் பிடித்துவிடும்.

மாணவர் தாளைத் திருப்பி வாங்கினார். பதினேழில் ஐந்து மிஞ்சியிருந்தன: டைனமிக் மைக் ஒன்று, சிறிய கொண்டென்சர் ஒன்று, இருவழி இன்டர்பேஸ், ஹெட்போன், மைக் தாங்கியும் வயரும். வங்கிக்கடனைப் பாதிக்குமேற் குறைக்கலாம் என்றார். வண்ணவிளக்கை மட்டும் விட மனமில்லாதவர் போற் காணப்பட்டார். அதற்கு நான் தடை சொல்லவில்லை.

அண்ணாவியாரின் பேத்தி இப்போது பல்கலைக்கழகத்திற் படிக்கிறாள். பாட்டனாரின் கூத்தில் ஒரு கூத்தின் முற்பாதி அவளுக்கு மனப்பாடம். விடுமுறைக்கு வந்திருக்கும் அவளை வருகிற சனிக்கிழமை பதிவதென்று ஏற்பாடு. இடம் என் அறை அன்று. அதே முற்றம், அதே மாமரம். மாணவர் தம் புதிய மைக்கோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். காகங்களுக்கு முன்னதாக, விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.